பின்பக்கத்தில் ஒரு பெயர்

பனாரஸ் என்றால் நமக்குப் பட்டு. அதே ஊரில் லல்லாபுரா பக்கம் போனால், மரச்சட்டத்தில் கம்பளித் துணியை இழுத்துக் கட்டி, உலோகச் சரிகையில் ராணுவச் சின்னங்கள் தைக்கிறார்கள். பிரிட்டிஷ் காலத்திலிருந்து வரும் ஜர்தோசி வேலை. வெளிநாட்டுப் படைகள், கிளப்புகள், தேவாலயங்கள் எல்லாம் ஆர்டர் தருகின்றன. இரண்டாம் உலகப்போரைச் சீருடை அணிந்து நடித்துக் காட்டும் குழுக்களும், சின்னம் சேர்ப்பவர்களும் பழைய சின்னங்களின் நகலைக் கேட்கிறார்கள். அந்த நகல்களைப் பார்க்கத்தான் போனேன்.

கோலார் தங்கவயலில் வளர்ந்தவன் நான். ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் பழகிய தக்கனி உருது, அவர்கள் பேச்சோடு எப்படியோ ஒத்துப்போனது. பட்டறையின் மூத்த கைவினைஞரான உஸ்தாத் என்னை உட்காரச் சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். சட்டத்தில் இருந்தது சீன-பர்மா-இந்தியக் களத்தின் அமெரிக்கச் சின்னம்: கேடய வடிவம், மேலே நீலத்தில் சீனாவின் சூரியனும் இந்தியாவின் நட்சத்திரமும், கீழே சிவப்பு வெள்ளைப் பட்டைகள்.

முதலில் படத்தைத் தாளில் வரைந்து, கோடு நெடுக ஊசியால் துளை போடுகிறார்கள். தாளைத் துணிமேல் வைத்து, மண்ணெண்ணெயில் குழைத்த வெள்ளைப் பொடியைத் தேய்த்தால் துளை வழியே உருவம் இறங்கிவிடும். மேடாகத் தெரிய வேண்டிய இடத்தில் பருத்தி நூலை அடுக்கித் தைக்கிறார்கள். பிறகு, சுருள் சுருளாக இருக்கும் தப்கா கம்பியை அளவு பார்த்துக் கத்தரித்து, பாசிமணி கோப்பதுபோல ஊசியில் கோத்து, அந்த மேட்டின்மேல் படியவைத்துத் தைக்கிறார்கள். ஒரு துண்டு அரை நெல்லளவு நீண்டாலும் கம்பி தூக்கிக்கொள்ளும்.

“இதில் தங்கம் எவ்வளவு?” என்று கேட்டேன். எங்கள் ஊர்க்காரன் கேட்காமல் இருப்பானா? உஸ்தாத் சிரித்தார். முன்பு வெள்ளிக் கம்பிக்குத் தங்க முலாம். இப்போது பெரும்பாலும் செம்புக் கம்பிதான், மேலே மின்முலாம்.

போர்க்காலத்தில் இந்தியாவில் இருந்த அமெரிக்க வீரர்கள் பலர், உள்ளூர்க் கைவினைஞர்களிடமே இந்தச் சின்னத்தைத் தைத்து வாங்கினார்கள். அதனால் ஒன்றைப்போல் ஒன்று இராது. சூரியக் கதிர் ஒன்றில் தடிக்கும், இன்னொன்றில் மெலியும். நகல் கேட்பவருக்கு அந்தக் கோணலும் வேண்டும். நேராகத் தைக்கத் தெரிந்த கை, மாதிரிப் படத்தைப் பார்த்துக் கொஞ்சம் பிசகித் தைக்கிறது.

சிக்கல் இங்கே தொடங்குகிறது. அன்று தைத்ததும் இதே வகைக் கை, இதே ஊசி. பழுப்பேறச் செய்து, ஓரத்தைத் தேய்த்துவிட்டால், நகல், சந்தையில் அசலாகிவிடும். புற ஊதா விளக்கில் சில புதிய நூல்கள் பளிச்சென்று ஒளிரும். பழைய பருத்தி நூல் பொதுவாக ஒளிராது. ஆனால் போருக்குப் பின் வந்த சலவைத்தூளில் துவைத்த அசலும் ஒளிரக்கூடும் என்பதால் அந்தச் சோதனையை மட்டும் நம்ப முடியாது.

“பின்பக்கம் உங்கள் பெயரையும் வருஷத்தையும் தைத்துவிட்டால்?” என்றேன்.

“தைக்கலாம் பாய். ஆனா பேர் இருந்தா வேணாம்பாங்க. எங்க பேரை யாரு கேட்டா?”

அதைக் கேட்டதும் எங்கள் ஊர் நினைவுக்கு வந்தது. பிரிட்டிஷ் காலத்தில் தங்கவயலில் கோலார் கோல்டு ஃபீல்ட்ஸ் பட்டாலியன் என்று ஒரு துணைப்படை இருந்தது. ஐரோப்பியர்களும் ஆங்கிலோ-இந்தியர்களும்தான் அதில் சேரலாம். சுரங்கத்தில் இறங்கிய தமிழருக்கு அந்தப் படையின் சின்னம் கிடையாது. அவர்களிடம் கைரேகைதான் கேட்டார்கள். திருடனைப் பதிவதுபோல எங்களைப் பதிவதா என்று 1930இல் வேலைநிறுத்தமே நடந்தது.

அந்த அடையாளம் தொழிலாளியைச் சந்தேகித்தது. நான் உஸ்தாதிடம் கேட்ட அடையாளம் வியாபாரியைச் சந்தேகிப்பது. முன்பக்கத் தையல் பின்பக்கம் தெரியும் இடத்திலேயே, அதே நூலில் பெயரைக் கோத்துவிட்டால், சின்னத்தைக் குலைக்காமல் அதைப் பிரிக்க முடியாது. நடித்துக் காட்டுபவருக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. சட்டைக்குள் போகும் பக்கம்தானே. பெயர் வேண்டாம் என்கிற வாங்குபவரிடம்தான், ஏன் வேண்டாம் என்று கேட்க வேண்டும்.