புல்லட் புத்தகத்தின் ஓரங்களில்

பழைய காஸ்ட் அயர்ன் புல்லட்டின் வலப்பக்க டைமிங் கவரைக் கழற்றினால் கிராங்க் முனையில் ஒரு வார்ம் தெரியும். ஆயில் பம்பை ஓட்டுவது அதுதான். பம்புத் தண்டின் ஒரு முனை எண்ணெயை எஞ்சினுக்குள் அனுப்பும். மறுமுனை, வேலை முடித்து வடிந்த எண்ணெயை இழுத்துத் தொட்டியில் சேர்க்கும். மற்ற நட்டுகளைக் கழற்றுகிற திசையில் இந்த வார்மைத் திருப்பினால் அது இன்னும் இறுகும். லெஃப்ட் திரெட். தெரியாதவர்கள் ஸ்பானரில் இரும்புக் குழாயைச் செருகி முழு பலத்தையும் கொடுப்பார்கள். அப்புறம் கிராங்க்கைப் பிரித்து லேத்துக்கு அனுப்ப வேண்டியதுதான்.

மயிலாப்பூரில் கச்சேரி சாலையை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கிற பட்டறையில் நான் புரட்டிய கையேட்டில், இந்த எச்சரிக்கைக்குப் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் ஒரு மண்டை ஓடு வரைந்திருந்தது. கையேடு என்று மரியாதைக்குச் சொல்கிறேன். ராயல் என்ஃபீல்டின் ஆங்கிலப் பட்டறைக் கையேட்டுக்கு எடுத்த ஜெராக்ஸின் ஜெராக்ஸ் அது. எத்தனையாவது தலைமுறை என்று சொல்ல ஆளில்லை. படங்களில் பாதி கறுப்பு அப்பிக் கிடந்தது. காலிகோ ஒட்டித் தைத்த பக்கங்கள் கிரீஸ் ஊறி, காய்ந்து, அப்பளம்போல விறைத்திருந்தன.

“மண்டை ஓடு எங்க வாத்தியார் போட்டது சார்,” என்றார் பட்டறைக்காரர். “நான் இங்க வந்து சேர்றப்போ பதினாலு வயசு. இங்கிலீஷ் படிக்க வராது. படம் போட்டா புரியும்ல?”

வாத்தியார் இப்போது இல்லை. அவருடைய ஸ்பானர்கள் சுவரில் தொங்குகின்றன. புத்தகம் மண்ணெண்ணெய் தட்டுக்கு மேலே, சாமி படத்துக்குக் கீழே, ஒரு பலகையில் இருக்கிறது. நான் பார்த்துக்கொண்டிருந்தவரை பட்டறைக்காரர் அதைத் தானாக ஒருமுறைகூட எடுக்கவில்லை. பையன் ஒருவன் சந்தேகம் கேட்டபோதுதான், “டைமிங் பக்கத்த எட்றா” என்றார்.

அந்த ஆங்கிலப் புத்தகம் இந்தச் சந்துக்கு வந்த வழி எல்லாருக்கும் தெரிந்த கதையின் ஒரு கிளைதான். இந்திய ராணுவம் புல்லட்டைத் தேர்ந்தெடுத்த பிறகு, 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. ஆலை திருவொற்றியூரில். முதலில் கப்பலில் பெட்டி பெட்டியாக வந்த பாகங்களைப் பூட்டி வண்டியாக்கினார்கள். 1957இல் அச்சுகளும் கருவிகளும் கைக்கு வர, பாகங்களையும் இங்கேயே செய்யத் தொடங்கினார்கள். ரெட்டிச் ஆலை 1967இல் மூடியது. 1970இல் இங்கிலாந்தில் உற்பத்தியே நின்றுபோனது. ஏழு ஆண்டு கழித்து, 1977இல், சென்னைப் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது.

கையேட்டுச் சிக்கல் தொடங்குவது இங்கேதான். ரெட்டிச்சில் 1956 முதல் வண்டியை மாற்றிக்கொண்டே போனார்கள். சென்னையில் 1955 வடிவமே அடிப்படையாக நின்றது: 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சி.சி. ஆனால் எஞ்சினைச் சுற்றியிருந்தவை அப்படியே நிற்கவில்லை. 6 வோல்ட் 12 ஆனது. ஆமால் கார்புரேட்டர் போய் மிக்கார்ப் வந்தது. முன் பிரேக் மாறியது. இஞ்ச் திரெட் மெல்ல மெல்ல மெட்ரிக் ஆனது. ஒரே நாளில் ஆகாததால், ஒரே வண்டியில் இரண்டு குடும்பத்து போல்ட்டுகளும் கலந்திருக்கும். கால் இஞ்ச் விட்வொர்த் ஸ்பானரின் வாய் 0.525 அங்குலம், அதாவது சுமார் 13.3 மி.மீ. அந்த நட்டில் 13ஆம் நம்பர் ஏறாது. 14 ஏறும், வழுக்கும், முனைகளை மழுக்கிவிடும். புல்லட் வைத்திருந்தவர்களின் விரல்முட்டித் தழும்புகளில் பாதி இதனால் வந்தவை என்பது என் ஊகம்.

மாறிய வண்டிகள் பட்டறைக்கு வந்துகொண்டே இருந்தன. அவற்றோடு மாறிய புத்தகம் வந்து சேரவில்லை. அதனால் பழைய புத்தகத்தின் ஓரத்தில் எழுத வேண்டியதாயிற்று. பாயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை என்று அச்சில் இருக்கிறது, பக்கத்தில் பென்சிலில், “புது பாயின்ட் என்றால் 500 கி.மீ. ஓடியதும் மறுபடி பார்.” காரணம் நியாயமானது. பாயின்ட்டின் கேமில் உரசும் நார்க்கட்டை புதிதில் வேகமாகத் தேயும். தேய்ந்தால் இடைவெளி குறையும், டைமிங்கும் நகரும். இன்னொரு பக்கத்தில் ஒரு மின்கம்பிப் படம் முழுவதையும் குறுக்கே அடித்து, பழைய பில் ஒன்றின் பின்புறத்தில் வாத்தியார் புதிதாக வரைந்து ஒட்டியிருந்தார். எந்தக் கம்பி எந்த நிறம் என்பதைத் தமிழில் எழுதியிருந்தார்.

என்னை அங்கே அனுப்பியவர் அடையாறு காந்தி நகரில் வசிக்கும் ஓய்வுபெற்ற பொறியாளர். பழைய மோட்டார் சைக்கிள் கையேடுகளை நாடு விட்டு நாடு மாற்றிக்கொள்பவர்களில் ஒருவர். வீட்டு வரவேற்பறையில் சோபாவுக்கு இருக்கிற இடத்தைவிடக் காகிதங்களுக்கு இருக்கிற இடம் அதிகம். டபிள்யூ. சி. ஹேகிராஃப்ட் எழுதி பிட்மன் வெளியிட்ட ‘தி புக் ஆஃப் தி ராயல் என்ஃபீல்ட்’, இங்கிலாந்தின் உரிமையாளர் சங்கம் நடத்தும் ‘தி கன்’ இதழின் சில பிரதிகள், கனடாவின் பீட் ஸ்னிடல் இந்தியப் புல்லட்டுக்கென்றே எழுதிய பட்டறைக் கையேடு எல்லாம் அங்கே உண்டு. சென்னைப் பட்டறைகளில் தலைமுறையாகச் செய்துவந்த வேலையை முறையாக எழுத்தில் வைக்க ஒரு கனடாக்காரர் முனைய வேண்டியிருந்ததில் எனக்குக் கொஞ்சம் வெட்கம்தான். பொறியாளருக்கு அந்த வெட்கம் இல்லை. “நல்ல புஸ்தகம் சார். யார் எழுதினா என்ன?” என்றார்.

அவரிடம் வெளிநாட்டுக்காரர்கள் கேட்பது எது என்று முதலில் எனக்குப் பிடிபடவில்லை. ரெட்டிச் கையேடு அவர்கள் ஊரிலேயே நல்ல அச்சில் கிடைக்குமே? காரணம் 1977தான். அந்த ஆண்டிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன புல்லட்டுகள் சென்னையில் பிறந்தவை. பெட்ரோல் தொட்டியில் உள்ள ஆங்கிலேயப் பெயரைப் பார்த்து ரெட்டிச் புத்தகத்தை வாங்கி விரித்தால், படத்தில் உள்ளதும் வண்டியில் உள்ளதும் ஒத்துப்போகாது. அவர்களுக்கு வேண்டியது திருவொற்றியூர் ஆலை அச்சிட்ட உரிமையாளர் கையேடுகள், உதிரிபாகப் பட்டியல்கள், இங்கே எப்போது எது மாறியது என்ற தகவல். பதிலுக்கு அவர்கள் ரெட்டிச் முதல் அச்சின் துல்லியமான படங்களை அனுப்புகிறார்கள். இங்கே கறுப்பாகிப்போன பக்கத்தில் ஆல்பியன் கியர் பாக்ஸின் பற்சக்கரம் ஒவ்வொன்றும் எண்ணோடு எழுந்து நிற்கிறது.

இருவகைப் புத்தகங்களில் மெக்கானிக்குகள் மதிப்பது கையேட்டைவிட உதிரிபாகப் பட்டியலைத்தான். ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் எண்ணைச் சொன்னால் பொருள் வரும். பெயரைச் சொன்னால் விவாதம் வரும். புதுப்பேட்டையில் எண்ணும் செல்லாது. அங்கே பழைய பாகத்தைக் கையில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

காப்புரிமை பற்றி யாராவது கேட்பார்கள். ஆசிரியர் பெயர் இல்லாமல் வெளியான நூலுக்கு இன்றைய இந்தியச் சட்டப்படி வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுவரை உரிமை உண்டு. அப்படி வந்த ஐம்பதுகளின் கையேடுகள் இங்கே அந்த எல்லையைத் தாண்டிவிட்டன. ஹேகிராஃப்ட் போன்றவர்களின் நூல்களுக்குக் கணக்கு வேறு. பொறியாளர் அவற்றைப் பிரதி எடுப்பதில்லை. எந்தப் பழைய புத்தகக் கடையில் தேடலாம் என்று மட்டும் சொல்கிறார்.

கையேடும் வண்டியும் ஒத்துப்போகாத இதே கோளாறு ராஜ்தூத் 350க்கும் உண்டு. யமஹாவின் ஆர்டி 350பி வண்டியை எஸ்கார்ட்ஸ் 1983 முதல் 1989 வரை இங்கே தயாரித்தது. யமஹாவின் கையேட்டில் முன் டிஸ்க் பிரேக் பற்றி விரிவாக இருக்கும். இந்திய வண்டியில் இருப்பதோ டிரம். சோழவரம் ஓடுதளத்தில் இந்த வண்டியை ஓடவிட்ட பையன்களும் அவர்களுடைய மெக்கானிக்குகளும் எந்த ஜெட் போட்டார்கள், சைலன்சரை எங்கே வெட்டினார்கள் என்பதை ஜப்பானியப் புத்தகத்தில் தேடினால் கிடைக்குமா?

அகலமான மின்கம்பிப் படம் ஒன்றை ஸ்கேன் செய்யப் பொறியாளரோடு தியாகராய நகருக்குப் போனேன். கட்டட வரைபடங்களைப் பிரதி எடுக்கும் கடை. விரித்துப் போட்டதும் கடைப் பையன் தலையைச் சாய்த்துப் பார்த்தான். “எந்த ஏரியா சைட் சார் இது?” பொறியாளர் சிரிக்காமல், “திருவொத்தியூர்,” என்றார்.

மயிலாப்பூர் பிரதியை வைத்துத்தான் எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. அவர் ஸ்கேன் செய்த பக்கங்களைக் கணினியில் சுத்தம் செய்வார்: கறை, நிழல், கிறுக்கல் எல்லாம் போய்விடும். அச்செழுத்து பளிச்சென்று நிற்கும். அந்த முறையில் மண்டை ஓடும் போய்விட்டது, 500 கி.மீ. குறிப்பும் போய்விட்டது, ஒட்டியிருந்த பில்லைப் பிரித்தெடுத்து, அடியில் இருந்த தவறான படத்தைப் பத்திரமாக மீட்டிருந்தார். ரெட்டிச்சில் அச்சான பக்கம் உலகத்தில் இன்னும் பலரிடம் இருக்கும், அந்தப் பில் இந்த ஒரு சந்தில்தானே இருக்கிறது என்றேன். “ஓரத்துல எழுதினது தப்பா இருந்தா? ஜெர்மனியில ஒருத்தன் அதை நம்பி எஞ்சினைக் கெடுத்துக்கிட்டா?” என்று கேட்டார். அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. வாத்தியாரின் குறிப்புகள் எந்த ஆண்டு வண்டியைப் பார்த்து எழுதியவை என்று குறிப்பிலேயே இல்லை.

கடைசியில் பட்டறைக்காரரையே உட்காரவைத்து ஒவ்வொரு குறிப்பையும் படித்துக் காட்டினோம். சிலவற்றுக்குத் தலையசைத்தார். “இது ஆறு வோல்ட் வண்டிக்கு மட்டும்.” “இது வாத்தியார் அப்ப சொன்னது, அப்புறம் அவரே மாத்திக்கிட்டார்.” பொறியாளர் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்துகொண்டார். இப்போது அனுப்புவது இரண்டு கோப்புகள்: சுத்தம் செய்தது ஒன்று, செய்யாதது ஒன்று, பின்னதோடு இந்த விளக்கங்களும் போகும்.

முதல் கேள்வி நெதர்லாந்திலிருந்து வந்தது. டைமிங் பக்கத்தில், பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. முன்னால் பாயின்ட் திறக்க வேண்டும் என்ற வரிக்குப் பக்கத்தில், “சிகரெட் பேப்பர்” என்று எழுதியிருந்ததே, அது எவ்வளவு கனம்? இந்திய முறையா? பொறியாளர் இதைப் பட்டறையில் வாசித்துக் காட்டினார். பாயின்ட்டுக்கு நடுவே மெல்லிய தாளை வைத்து மெதுவாக இழுத்தால், எந்த நொடியில் பிடி விடுகிறதோ அப்போது பாயின்ட் திறக்கிறது. இந்திய முறை ஒன்றும் இல்லை. அந்தக் காலத்து ஆங்கிலேய மோட்டார் சைக்கிள்காரர்களே கையாண்ட வழிதான்.

பட்டறைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். “அவரு வண்டி பன்னெண்டு வோல்ட்டா?”

ஆமாம்.

“அப்ப பேப்பர் எதுக்கு சார்? பாயின்ட்டுக்குக் குறுக்க ஒரு பல்பு போடச் சொல்லுங்க. திறந்தா எரியும். பேட்டரி செத்துக்கெடக்கிற வண்டிக்குத்தான் பேப்பர். அப்படியே அந்த ஊர்ல கால் இஞ்ச் விட்வொர்த் ரிங் ஸ்பானர் பழசு ஏதாவது கெடைக்குமான்னு கேளுங்க. வாத்தியாரோடது வாய் விட்டுப்போச்சு.”