அப்பா தள்ளிய வண்டி

புல்லட் தெரியாத தோழர்கள் இருக்க முடியாது. ஃப்யூரி என்றால் பலரும் முழிப்பீர்கள். ஜெர்மனியின் சுண்டாப் கம்பெனியுடைய கேஎஸ் 175 மாடலை வைத்து எண்பதுகளில் என்ஃபீல்டு இங்கே செய்த டூ-ஸ்ட்ரோக் வண்டி அது. ஐந்து கியர், முன்சக்கரத்தில் பிரெம்போ டிஸ்க் பிரேக். ராணிப்பேட்டை டேனரியில் வேலை பார்த்த எங்கள் அப்பா, மூன்றாவது கையாக அதை வாங்கினார்.

வேலை முடிந்து வருவார். ஊர்த்தெரு தொடங்கும் இடத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கித் தள்ளுவார். கோயிலைத் தாண்டி, காலனி முனைக்கு வந்த பிறகுதான் மறுபடி கிக்கரை உதைப்பார். ஏன்ப்பா என்று கேட்டால், "டூ-ஸ்ட்ரோக் ரொம்பக் குடிக்கும்டா, பெட்ரோல் மிச்சம்" என்பார். அக்காவும் தம்பியுமாக நாங்கள் அதைப் பல வருஷம் நம்பினோம். பள்ளிக்கூடத்தில்கூடப் பெருமையாகச் சொல்லியிருக்கிறோம்.

பிறகு வண்டி நின்றுபோய், கோழிகள் அடையும் இடமானது. இரண்டு பேருக்கும் வேலை கிடைத்த பிறகுதான் அதைத் தொட்டோம். பிஸ்டன் இறுகிக் கிடந்தது. பிளக் துளை வழியாக டீசல் ஊற்றி ஒரு வாரம் ஊறவைத்தோம். கழற்றியபோதுதான் பெரிய வில்லங்கம் தெரிந்தது. மற்ற வண்டிகளைப் போல இதன் சிலிண்டருக்குள் இரும்பு ஸ்லீவ் கிடையாது. உள்சுவரிலேயே குரோம் பூச்சு. சைலன்சர் பக்கம் அது உரிந்திருந்தது. போர் போட்டுச் சரிசெய்யவும் வழியில்லை. ஒரு மெக்கானிக், "எடைக்குப் போடுங்க" என்றார். அப்பா திண்ணையில் உட்கார்ந்து எதுவும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் சென்னையில் ஒரு லேத்காரர் ஸ்லீவ் இறக்கிக் கொடுத்தார். அதற்கேற்ற ரிங்குக்காகப் புதுப்பேட்டையில் மூன்று ஞாயிற்றுக்கிழமை அலைந்தோம்.

அந்த அலைச்சலில் சுண்டாப்பைப் பற்றித் தேடிப் படித்தோம். 1917இல் நியூரம்பர்க்கில் குண்டுகளை வெடிக்கவைக்கும் ஃப்யூஸ் செய்யப் பிறந்த கம்பெனி. 1921இல் பைக்குக்கு வந்தது. ஹிட்லரின் படைக்கு கேஎஸ் 750 செய்து கொடுத்ததும் இதே கம்பெனிதான். 1984இல் திவாலானது. அந்தப் பெயரின்மேல் எங்களுக்குப் பக்தி ஒன்றும் இல்லை. அப்பா தள்ளிய வண்டி ஓட வேண்டும், அவ்வளவுதான்.

வண்டி உயிர்பெற்ற அன்று அம்மாவுக்குத்தான் பயம். 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில், புல்லட் ஓட்டியதற்காக ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகளை வெட்டினார்கள் என்ற செய்தி அவருக்கு மறக்கவில்லை. "மெயின்ரோட்டோட ஓட்டிட்டு வந்துடுங்க" என்றார்.

அக்கா ஓட்டினாள். பின்னால் அப்பா. தம்பி ஸ்ப்ளெண்டரில் பின்தொடர்ந்தான். திரும்பி வருகையில் ஊர்த்தெரு முனையில் அப்பா அவள் தோளைத் தட்டினார். "நிறுத்தும்மா, இறங்கிக்கிறேன்."

அக்கா இரண்டாவது கியருக்கு இறக்கினாள், நிறுத்தவில்லை. டூ-ஸ்ட்ரோக் புகை தெரு முழுக்க நின்றது. திண்ணைகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் எழுந்து நின்றார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். கோயில் வந்தபோது நிமிர்ந்துவிட்டார் என்று பின்னால் வந்த தம்பி சொல்கிறான்.

வீட்டு வாசலில் இறங்கியதும் குனிந்து டிஸ்க்கைத் தொட்டுப் பார்த்தார். "பிரேக்கு நல்லாப் பிடிக்குதா?"

"தெருவுல பிடிச்சுப் பார்க்கலியேப்பா" என்றாள் அக்கா.