சோதித்தறிந்து கொடுக்கும் மருந்து



மருத்துவமனைக்கு ஜெபிக்கச் செல்லும்போது, நோயாளியின் வீட்டார் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "ஐயா, கல்ச்சர் ரிப்போர்ட் வர இரண்டு மூன்று நாளாகுமாம். இருக்கிறதிலேயே பெரிய மருந்தை இப்போதே போட்டால் என்ன?" கட்டிலில் கிடப்பது பெற்ற தாயாகவோ பிள்ளையாகவோ இருக்கும்போது காத்திருப்பது கடினமே. ஆனால் அக்கேள்விக்கான விடையை நாம் எல்லாரும் அறிந்திருப்பது நலம்.

அந்த நாட்களில் மருத்துவர்கள் சும்மாயிருப்பதில்லை. நோயின் தன்மைக்கேற்ற ஒரு மருந்தைத் தொடங்கிவிட்டே காத்திருக்கிறார்கள். ஆய்வகத்திலோ, நோயாளியின் இரத்தத்திலிருந்தோ சிறுநீரிலிருந்தோ கிருமியை வளர்த்தெடுத்து, ஒரு தட்டில் பரப்பி, வெவ்வேறு ஆன்டிபயாடிக் மருந்துகள் தோய்ந்த சிறு காகித வில்லைகளை அதன்மேல் வைக்கிறார்கள். ஓர் இரவு கழிந்தபின், பலன் தரும் மருந்தைச் சுற்றிக் கிருமி வளராத தெளிந்த வட்டம் தெரியும். பலன் தராத மருந்தின் ஓரம்வரை கிருமி செழித்து நிற்கும். அந்த வட்டத்தை அளந்தே மருத்துவர் மருந்தைத் தொடரவோ மாற்றவோ முடிவெடுக்கிறார். எல்லாவற்றையும் சோதித்து நல்லதைப் பற்றிக்கொள்ளும்படி தெசலோனிக்கேயருக்குப் பவுல் கூறிய ஆலோசனையை அந்தச் சிறு தட்டில் காண்கிறேன்.

நெய்யூரில் 1838-ஆம் ஆண்டு இலண்டன் மிஷன் தொடங்கிய மருத்துவப் பணியை நம் மாவட்டம் நன்றியோடு நினைக்கிறது. எவரெஸ்ட் ஏறச் சென்ற டாக்டர் சாமர்வெல் 1920-களில் அங்கே அறுவை சிகிச்சை செய்யத் தொடங்கியபோது, பெனிசிலின் மருந்தாக வந்திருக்கவில்லை. அறுவை நன்றாய் முடிந்தாலும், காயத்தில் சீழ் பிடித்தால் உயிருக்கே ஆபத்து. இன்று சிசேரியன் பிரசவமும், புற்றுநோய் சிகிச்சையும், குறைமாதக் குழந்தையின் பராமரிப்பும் ஆன்டிபயாடிக்கை நம்பியே நடக்கின்றன. அது பலனற்றுப் போனால், நம் பாட்டன்மாரின் காலத்து அச்சம் நம் பேரப்பிள்ளைகளுக்குத் திரும்பிவரும்.

இது வெறும் கற்பனையன்று. சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமி முதல் ஆசிரியராக இருந்து 2010-இல் வெளியான ஓர் ஆய்வு, சென்னையில் மட்டும் 44 பாக்டீரியா மாதிரிகளில் என்டிஎம்-1 என்னும் நொதியைக் கண்டறிந்தது. கடைசித் துணையாக மருத்துவர்கள் வைத்திருந்த கார்பபெனம் மருந்துகளையும் சிதைக்கவல்லது அந்த நொதி.

ஆறுதலான செய்தியும் சென்னையிலிருந்தே வந்தது. ஆர்கிட் நிறுவனத்தில் கண்டறியப்பட்ட என்மெட்டாசோபாக்டம் என்னும் பொருள், மருந்தைச் சிதைக்கும் வேறு வகை நொதிகளைக் கட்டிப்போடுகிறது. செஃபிபைம் என்ற பழைய மருந்தோடு அதைச் சேர்த்து, கடுமையான சிறுநீர்ப்பாதைத் தொற்றுள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்தார்கள். எவருக்கு எந்த மருந்து என்பது குலுக்கல் முறையில் தீர்மானிக்கப்பட்டது. அது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. 2022-இல் வெளியான முடிவின்படி, நோயும் நீங்கிக் கிருமியும் ஒழிந்தவர்கள் புதிய மருந்தில் நூற்றுக்கு 79 பேர். ஒப்பிடப்பட்ட வழக்கமான மருந்தில் 59 பேர். 2024 பிப்ரவரியில் அமெரிக்க மருந்துத் துறை அதற்கு அனுமதி வழங்கியது. ஆயினும் என்டிஎம் வகை நொதியின்முன் இம்மருந்தும் தோற்றுப்போகிறது. ஒரு புதிய மருந்துக்கு இத்தனை ஆண்டு உழைப்பு தேவைப்படுகையில், கையிலிருப்பதைக் காப்பது நம் கடமையாகிறது.

பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945-இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையில் ஒரு கற்பனை மனிதனைப் பற்றிச் சொன்னார். தொண்டை வலிக்காக அவன் தானே பெனிசிலின் வாங்கிப் போதாத அளவில் உட்கொள்கிறான். சாகாத கிருமிகள் மருந்தைத் தாங்கப் பழகுகின்றன. அவை அவன் மனைவியைத் தொற்றுகின்றன. அவளுக்கு அதே மருந்து பலனளிக்காமல் அவள் இறந்துபோகிறாள். அவள் சாவுக்குக் காரணம் யார் என்று ஃபிளெமிங் கேட்டார்.

பிரியமானவர்களே, தன் சகோதரனுக்குத் தான் காவலாளியல்லன் என்று காயீன் தட்டிக்கழித்த பொறுப்பே இங்கும் நம்முன் நிற்கிறது. நாம் விழுங்கும் மாத்திரை நம் உடலோடு முடிந்துவிடுவதில்லை. நம்மில் தப்பிப் பழகிய கிருமி, பக்கத்துக் கட்டிலில் இருக்கும் முன்பின் அறியாத ஒரு பச்சிளங்குழந்தையைச் சென்றடையலாம். அந்தக் குழந்தையும் நமக்குப் பிறனே.

ஆகவே, மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால், மருத்துவர் சீட்டின்றி அதை வாங்காதிருப்போம். சளிக்கும் வைரஸ் காய்ச்சலுக்கும் ஆன்டிபயாடிக் கேட்டு மருத்துவரை வற்புறுத்தாதிருப்போம். அவர் சொன்ன அளவிலும் சொன்ன நாட்களிலும் உட்கொள்வோம். மிஞ்சியதை அயல்வீட்டாருக்கு அன்பளிப்பாகக் கொடுக்க வேண்டாம். நோயாளியைக் காணச் செல்லும்போது, உள்ளே போகுமுன்னும் வெளியே வந்தபின்னும் கைகளைக் கழுவுவோம்.

நல்ல சமாரியன் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்து அன்பு காட்டினான். தேவையற்ற மருந்தை மறுப்பதும் இந்நாளில் அன்பின் செயலே. இரவெல்லாம் ஆய்வகங்களில் கிருமியோடு போராடும் சகோதர சகோதரிகளை இந்த வாரக் குடும்ப ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். கர்த்தர் அவர்கள் கைகளின் பிரயாசத்தை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.