கொஞ்சம் நகருங்க சார்!

தஞ்சாவூர்ச் சீமையில் நெல் மட்டும்தான் முப்போகம் என்று நினைத்துக் கொண்டிருக்கிறீர்களா? ரயிலும் அப்படித்தான்!

முதல் போகம் குறுவை. 1861-ல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் வந்தது. அடுத்த வருஷமே திருச்சியைத் தொட்டுவிட்டது. அப்போது போட்டது ஐந்தரை அடி அகலப் பாதை, அதாவது சாட்சாத் பிராட் கேஜ். குறுவை குறுகிய காலப் பயிர் இல்லையா? 1875-லேயே பாதையைப் பெயர்த்து மீட்டர் கேஜாகச் சுருக்கிவிட்டார்கள். இரண்டாவது போகம் சம்பா, நீண்ட காலப் பயிர். நூற்றிருபது வருஷத்துக்கு மேல் கூச்... கூச்... என்று மீட்டர் கேஜ் ஓடியது. மூன்றாவது தாளடி. குறுவை அறுத்த அதே வயலில் மறுபடி நடுவதுதானே தாளடி? 1998-ல் திருச்சி - தஞ்சை பாதையை மறுபடி பிராட் கேஜ் ஆக்கினார்கள். கொள்ளுத்தாத்தா போன அகலத்துக்குக் கொள்ளுப்பேரன் திரும்பி வந்து சேர்ந்தான். (ஒரே வயலில் சம்பாவும் தாளடியும் எப்படி ஐயா வரும் என்று விவசாயிகள் சண்டைக்கு வர வேண்டாம். ரயிலில் எல்லாம் நடக்கும்!)

இப்போது நாலாவது போகம். பாதை அப்படியே இருக்கிறது. மாறுவது வண்டி. நம் பழைய பாசஞ்சர் பெட்டிகள் ஒவ்வொன்றாக விடைபெற்றுப் போக, அந்த இடத்தில் 'மெமு' வந்து நிற்கிறது. பெயரைக் கேட்டால் ஏதோ பூனைக்குட்டி மாதிரி இருக்கும். ஆனால் சமாசாரம் வேறு. முன்னால் தனியாக இன்ஜின் கிடையாது. மோட்டார் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. இரண்டு முனையிலும் டிரைவர் அறை. மின்சாரக் கம்பி வராத பாதையில் இதன் டீசல் அண்ணன் 'டெமு' ஓடுவார்.

புது வண்டி வந்தால் சந்தோஷப்பட வேண்டியதுதானே, ஏன் மூக்கால் அழுகிறார்கள்? தெரிந்துகொள்ள வேண்டுமானால் ஒரு வேலை நாள் காலையில் மாயவரத்திலிருந்து தஞ்சாவூர் வரை எழுபது கிலோமீட்டர் போய்ப் பார்க்க வேண்டும். (மாயவரம் 1982-லேயே மயிலாடுதுறை ஆகிவிட்டது. ஆனால் கும்பகோணம் கவுண்டரில் இன்னமும் "மாயவரம் ஒண்ணு குடுங்க" என்றுதான் கேட்கிறார்கள்!)

மாயவரத்தில் ஏறும்போது ராஜா மாதிரி ஜன்னலோரம் கிடைக்கும். குத்தாலம் வரை ராஜ்யம் உங்களுடையது. அடுத்தது நரசிங்கம்பேட்டை. நாதஸ்வரம் செய்வதற்குப் பேர் போன ஊர். 2022-ல் புவிசார் குறியீடுகூட வாங்கிவிட்டது. அதற்கடுத்தது ஆடுதுறை. ஏ.டி.டி. என்று இனிஷியல் போட்டு வருகிற நெல் ரகமெல்லாம் இந்த ஊர் ஆராய்ச்சி நிலையத்துப் பிள்ளைகள்தான். ஒரு குத்துக்கும் அடுத்த குத்துக்கும் நடுவே இடைவெளி விட்டு நட்டால்தான் பயிர் நன்றாகத் தூர் கட்டும் என்பது நெல் சாஸ்திரம். ஆடுதுறை ஸ்டேஷனில் ஏறுகிற மனிதப் பயிருக்கு அந்த சாஸ்திரம் பொருந்தாது. திருவிடைமருதூருக்குள் நடைபாதை நிரம்பிவிடும்.

கும்பகோணத்தில் பாதி ஊர் ஏறும். தஞ்சாவூர் கலெக்டர் ஆபீஸ், கோர்ட், மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி, பாங்க், பள்ளிக்கூடம்... எல்லாவற்றுக்கும் ஆள் இங்கிருந்துதான் போகவேண்டும்போல! மூன்று பேர் உட்காரும் சீட்டில் நாலாவதாக ஒருவர் தன் இடுப்பின் ஒரு ஓரத்தை வைத்து, மறு ஓரத்தை அந்தரத்தில் தொங்கவிட்டு, தேசிய கீதம் மாதிரி தினமும் தவறாமல் சொல்லும் வாசகம் - "கொஞ்சம் நகருங்க சார்!"

எங்கே நகர்வது? ஜன்னலுக்கு வெளியேதான் இடம் இருக்கிறது. அங்கே பச்சைப்பசேல் என்று வயல். நடவு முடிந்த வயலில் கொக்குகள்கூட ஆளுக்கு இரண்டு அடி தள்ளித்தான் நிற்கின்றன!

பக்கத்தில் தொங்கிக் கொண்டிருந்தவர் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. "எத்தனை வருஷமா சார் சீசன் டிக்கெட்?" என்று கேட்டேன்.

"கல்யாணத்துக்கு முன்னாடியிலேர்ந்து சார். இப்போ பையன் காலேஜே முடிச்சிட்டான். சம்சாரம் மூஞ்சியைவிட பாபநாசம் ஸ்டேஷன் போர்டைத்தான் அதிகம் பார்த்திருக்கேன்னு வெச்சுக்குங்களேன்!"

"பழைய வண்டி எப்படி இருக்கும்?"

மனிதர் முகத்தில் பெண் பார்க்கப் போன நாள் ஞாபகம் வந்த மாதிரி ஒரு வெளிச்சம். "எதிரெதிர் சீட்டு சார். இந்தப் பக்கம் நாலு பேர், அந்தப் பக்கம் நாலு பேர். மேலே சாமான் வைக்கிற பலகையிலே சின்னப் பசங்க ஏறிப் படுத்துடுவாங்க. நடுவிலே யாராவது ஒருத்தர் பெட்டியை மடியிலே வெச்சா அதுதான் சீட்டாட்ட மேஜை. ஒரே பேப்பரை எட்டாப் பிரிச்சு எட்டுப் பேர் படிப்போம். எனக்கு எப்பவும் வரி விளம்பரப் பக்கம்தான் வரும், அது வேற விஷயம்! லேட்டாத்தான் போகும். ஆனா உட்கார்ந்துக்கிட்டு லேட்டாப் போனோம். இப்ப நின்னுக்கிட்டு சீக்கிரமாப் போறோம்."

அந்தப் பழைய பெட்டிகளும் லேசுப்பட்டவை அல்ல. பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலை 1955-ல் நேரு திறந்து வைத்தது. சுவிட்சர்லாந்துக்காரர்கள் கற்றுக்கொடுத்த டிசைனில் அறுபது வருஷத்துக்கு மேல் அங்கே பெட்டி பெட்டியாகச் செய்து தள்ளினார்கள். 2018 ஜனவரியில் அந்த வகையின் கடைசிப் பெட்டி வெளியே வந்தது. அத்தோடு சரி. அதன் பிறகு எக்ஸ்பிரஸ் வண்டிகளுக்கு எல்.எச்.பி. என்கிற ஜெர்மன் டிசைன். பழைய ஸ்லீப்பர் பெட்டியில் 72 பேர் படுக்கலாம். புதுசில் 80 பேர். கவனியுங்கள்... ராத்திரி சென்னைக்குப் போகிறவருக்குப் பெட்டிக்கு எட்டுப் படுக்கை கூடியிருக்கிறது. காலையில் தஞ்சாவூருக்குப் போகிறவருக்கு உட்கார இடம் குறைந்திருக்கிறது!

மெமுவைத் திட்டுவதற்கு முன்னால் நியாயமாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும். கடைசி ஸ்டேஷனில் இன்ஜினைக் கழற்றி, சுற்றிக்கொண்டு போய், மறு பக்கம் மாட்டுகிற வேலை இல்லை. டிரைவர் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போனால் போதும், வண்டி திரும்பத் தயார். டெல்டாவில் நாலைந்து கிலோமீட்டருக்கு ஒரு ஸ்டேஷன். பழைய இன்ஜின் மொத்தப் பாரத்தையும் தனியாளாக இழுத்து வேகம் பிடிப்பதற்குள் அடுத்த ஸ்டேஷன் வந்துவிடும். மெமுவில் மோட்டார்கள் பல பெட்டிகளில் பரவி இருப்பதால், கிளம்பியவுடன் பாய்கிறது. அகலமான வாசல். ஏற, இறங்க சௌகரியம்.

அந்தச் சௌகரியத்தில்தான் சூட்சுமமே இருக்கிறது. ஏற, இறங்க வசதி. நடுவில்? பட்டணத்து எலெக்ட்ரிக் டிரெயினுக்குச் சொந்தக்கார வண்டி இது. மாம்பலத்தில் ஏறி எழும்பூரில் இறங்குகிறவருக்குச் சீட்டு எதற்கு? கம்பியைப் பிடித்து நாலு கொட்டாவி விடுவதற்குள் ஊர் வந்துவிடும். அதனால் உட்காரும் இடத்தைக் குறைத்து நிற்கும் இடத்தைக் கூட்டினார்கள். கணக்கு சரிதான். ஆனால் மாயவரத்திலிருந்து திருச்சிக்குப் போகிறவர் சுமார் 120 கிலோமீட்டர் கொட்டாவி விட வேண்டுமே!

பாபநாசத்தில் ஒரு ஆயா வாழை இலைக்கட்டோடு ஏறினார். ஏறியதும் நாலு பக்கமும் வசவு. ஆயா அசரவில்லை.

"பழைய வண்டியில சீட்டுக்கு அடியில கூடையத் தள்ளிட்டு, இலைக்கட்டை மேல போட்டுட்டு நிம்மதியா வருவேன் தம்பி. இதுல எங்க வெச்சாலும் 'வழியில வெக்காதே'ங்கிறாங்க. வழியத் தவிர இதுல வேற என்ன இருக்கு, நீயே சொல்லு?"

சொல்லத் தெரியவில்லை. தஞ்சாவூரில் இன்றைக்கு ஏதோ ஒரு கல்யாணப் பந்தி இந்த ஆயாவின் இலையை நம்பித்தான் இருக்கிறது. நாம் நகர்ந்தோம்.

அய்யம்பேட்டை தாண்டி, திட்டைப் பக்கம் வெட்டாறு, வெண்ணாறு என்று பாலம் பாலமாக வரும். வண்டி பாய்கிறது என்று சொன்னேனல்லவா? பாய்ந்து போய் ஒரு ஸ்டேஷனில் நின்றுவிடும். எதற்கு? எதிர் வண்டிக்கு! தஞ்சாவூர் - திருச்சி இரட்டைப் பாதை ஆகிவிட்டது. தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம், மாயவரம் வழியாக விழுப்புரம் வரை இன்னமும் ஒற்றைப் பாதைதான். பந்தயக் குதிரையை வாங்கி வரப்பில் ஓட்டுகிற கதை. டெல்டாக்காரனுக்குக் காத்திருப்பது பழக்கம்தான். மேட்டூர் ஜூன் 12-ல் திறக்குமா என்று வானத்தையும் கர்நாடகாவையும் பார்த்துப் பழகியவன். தண்ணீருக்காவது 2018-ல் ஒரு ஆணையம் வந்தது. கிராஸிங்குக்கு யாரிடம் போவது?

பொறுமையைச் சோதித்த கதைகள் இன்னும் உண்டு. பாதையை அகலப்படுத்துகிறோம் என்று விழுப்புரம் - மாயவரம் பாதையை 2006 முடிவில் மூடினார்கள். 2010-ல் திறந்தார்கள். திருவாரூரிலிருந்து பட்டுக்கோட்டை வழியாகக் காரைக்குடிக்குப் போகும் பாதையில் ரயிலைப் பார்க்காமலே ஒரு தலைமுறை ஒண்ணாம் வகுப்பிலிருந்து ஏழாம் வகுப்புக்குப் போய்விட்டது. 2012-ல் மூடியது, 2019 ஜூன் 1-ல்தான் முழுசாக ரயில் வந்தது. புத்தம் புது டெமு! மாலை போட்டு வரவேற்றார்கள்.

அப்புறம் நடந்ததுதான் தமாஷ். வழியெல்லாம் லெவல் கிராஸிங். கேட்டுக்கு ஆள் இல்லை. என்ன செய்தார்கள்? கேட் கீப்பர்களை ரயிலிலேயே ஏற்றினார்கள். கேட் வந்தால் வண்டி நிற்கும். முன்னால் இருப்பவர் இறங்கிப் போய்க் கேட்டை மூடுவார். வண்டி கேட்டைத் தாண்டி மறுபடி நிற்கும். பின்னால் இருப்பவர் இறங்கிக் கேட்டைத் திறந்துவிட்டு ஓடி வந்து ஏறிக்கொள்வார். அடுத்த கேட், மறுபடி அதே டிரில். 149 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரம்! மீட்டர் கேஜ் காலத்தில் கம்பன் எக்ஸ்பிரஸ் ஓடிய பாதை ஐயா இது! பிற்பாடு ஆள் போட்டு நேரத்தைக் குறைத்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வந்த ரயில் நின்றதும் உண்டு. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக எல்லா வண்டியும் நின்றது. அது யார் குற்றமும் இல்லை. ஆனால் திரும்பி வந்தபோது பாசஞ்சர் 'ஸ்பெஷல்' ஆகிவிட்டது. அதே வண்டி, அதே ஸ்டேஷன், அதே நிற்றல். பத்து ரூபாய் டிக்கெட் மட்டும் முப்பது ரூபாய்! சீசன் டிக்கெட்டும் கொஞ்ச காலம் கிடையாது. 2024 பிப்ரவரியில்தான் குறைந்தபட்சக் கட்டணம் மறுபடி பத்து ரூபாய்க்கு வந்தது. "ஸ்பெஷல்னா என்ன சார் அர்த்தம்?" என்றார் குமாஸ்தா. "ஓட்டல்ல ஸ்பெஷல் தோசைன்னா நெய்யாவது விடுவான்!"

ஆகவே, டெல்டாக்காரர்கள் புது வண்டிக்கு எதிரி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஜன்னல் பலகையை இறக்கினால் விரல் நசுங்கும் மீட்டர் கேஜ் பெட்டி திரும்பி வரவேண்டும் என்று ஒருவரும் விரதம் இருக்கவில்லை. ஒவ்வொரு தடவை ரயில் மாறும்போதும் தூரத்துக்குப் போகிறவரை முதலில் எண்ணிவிட்டு, கிட்டத்துக்குப் போகிறவரைக் கடைசியில் எண்ணுகிறார்களே, அதுதான் வருத்தம். ஒரே ஜில்லாவாக இருந்த தஞ்சாவூரிலிருந்து 1991-ல் நாகை பிரிந்தது, 1997-ல் திருவாரூர், 2020-ல் மயிலாடுதுறை. புது ஜில்லா என்றால் புது கலெக்டர் ஆபீஸ். புது ஆபீஸ் என்றால் இன்னும் நாலு ஊரிலிருந்து டிபன் பாக்ஸோடு ஆள் கிளம்பும். அத்தனை பேருக்கும் காலையில் வருவது அதே எட்டுப் பெட்டி வண்டி.

மெமுவில் ஒரு நல்ல குணம் உண்டு. நாலு பெட்டி சேர்ந்தால் ஒரு யூனிட். எட்டோடு இன்னொரு நாலைக் கோத்தால் பன்னிரண்டு. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, ஜனம் நெருக்கும் வண்டிக்கு மட்டுமாவது அந்த நாலைக் கோத்துவிட்டால் முக்கால்வாசிப் புலம்பல் அடங்கிவிடும். இரட்டைப் பாதை வருகிறபோது வரட்டும்.

இதைத் தீர்மானிக்கிற பெரிய அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். இன்ஸ்பெக்ஷனுக்குத் தனி சலூன் பெட்டியில் வராதீர்கள். ஒரு திங்கள்கிழமை காலை கும்பகோணத்தில், பத்து ரூபாய் டிக்கெட் எடுத்து ஏறிப் பாருங்கள். கூட்டத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்... நாங்கள் கொஞ்சம் நகர்ந்துகொள்கிறோம்!