சிலந்திச் செடிக்கு ஜனவரியில் தாகம்

சிலந்திச் செடியைப் பார்த்தவர்கள் புல் என்றுதான் நினைப்பார்கள். நீண்ட மெல்லிய இலைகள், நடுவில் அல்லது ஓரத்தில் வெள்ளைக் கோடு, கொத்தாக எழுந்து வளைந்து தொங்கும் தோற்றம். ஆனால் தாவரவியல் இதைப் புல்லோடு சேர்ப்பதில்லை. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த இந்தச் செடியின் பெயர் குளோரோபைட்டம் கோமோசம். நம் நாட்டு வைத்தியத்தில் புழங்கும் தண்ணீர்விட்டான் கிழங்கும் இதே குடும்பம்தான். அந்த உறவு மண்ணுக்கு அடியில் தெரியும். செடியைத் தொட்டியிலிருந்து கழற்றினால் நார் வேருக்குப் பதிலாக வெள்ளை வெளேரென்று, விரல் பருமனில், கிழங்கு கிழங்காக வேர்கள் வரும். ஒன்றைக் கிள்ளினால் நீர் கசியும். வறண்ட காலத்துக்குச் செடி சேர்த்து வைத்துக்கொண்ட இருப்பு அது. நீர் ஊற்றும் முறையை முடிவு செய்ய வேண்டியது இந்தக் கிழங்கைப் பார்த்துத்தான். மேலே உள்ள இலை புல்லைப் போலிருப்பதால் புல்லுக்கு ஊற்றுவதுபோல் தினமும் ஊற்றுபவர்கள் செடியை அழுக வைத்துவிடுகிறார்கள்.

பட்டர்வொர்த்தில் மாக் மண்டின், பாகான் டாலாம் பக்கத்து அடுக்குமாடிகளின் நடைவழிகளில் துளசிக்கும் கற்றாழைக்கும் பக்கத்தில் இது தொங்குகிறது. விலை குறைவு, அதிகக் கவனம் கேட்பதில்லை, ஒரு தாய்ச்செடி பத்துக் குட்டி போடும். சிக்கல் எல்லாம் வளர்ப்புக் குறிப்புகளில்தான். "கோடையில் தாராளமாக, குளிர்காலத்தில் குறைவாக" என்பது அநேகமாக எல்லாவற்றிலும் இருக்கும். லண்டனில் எழுதினால் அது சரி. அங்கே டிசம்பரில் பகல் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு; வெளிச்சம் இல்லாத செடி வளராது, வளராத செடி குடிக்காது. பினாங்கு 5 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் அரை மணி நேரத்துக்குச் சற்றே அதிகம். இலைக்கு இங்கே குளிர்காலம் என்று ஒன்று கிடையாது. மாறுவது மழை மட்டும்.

அந்த மழையின் கணக்கு லண்டன் குறிப்புக்கு நேர் எதிர். பாயான் லெப்பாஸ் வானிலை நிலையத்தின் நீண்டகாலச் சராசரிப்படி ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் மழை 70 மில்லிமீட்டர் அளவில்தான். செப்டம்பரிலும் அக்டோபரிலும் மாதத்துக்கு 350 மில்லிமீட்டரைத் தாண்டும். வடகிழக்குப் பருவக்காற்று கிழந்தானையும் திரெங்கானுவையும் வெள்ளக்காடாக்கும் நாட்களில், நடு மலைத்தொடருக்கு இந்தப் பக்கம் வானம் வெறிச்சோடிக் கிடக்கும். குறிப்பைப் படித்து ஜனவரியில் தண்ணீரைக் குறைப்பவர், செடிக்கு அதிகம் தேவைப்படும் நேரம் பார்த்துக் குறைக்கிறார்.

தை பிறக்கும் சமயத்தில் வெளி நடைவழியில் தொங்கும் ஆறு அங்குலத் தொட்டி இரண்டு மூன்று நாளில் காய்ந்துவிடும். இலை வெளிறி, நடுநரம்பை ஒட்டி மடிந்து பள்ளமாகிறதென்றால் தாகம் என்று பொருள். விரலை முதல் கணு வரை மண்ணில் விட்டுப் பார்ப்பது நல்ல சோதனை. தொட்டியைத் தூக்கிப் பார்ப்பது இன்னும் நல்லது. நாலைந்து முறை தூக்கினால் ஈரத் தொட்டியின் கனம் கைக்குப் பழகிவிடும். நர்சரியில் வாங்கும் செடிகள் பெரும்பாலும் தேங்காய் நார்த்தூளில் இருக்கும். அது ஒருமுறை முற்றாகக் காய்ந்தால் சுருங்கித் தொட்டிச் சுவரை விட்டு விலகும். பிறகு ஊற்றும் நீர் அந்த இடுக்கு வழியாக நேரே அடித்துளைக்கு ஓடிவிடும். கீழே சொட்டுவதைப் பார்த்து ஊற்றியாயிற்று என்று நினைப்பார்கள். நடுவிலே மண் பொடியாகக் கிடக்கும். அந்த நிலையில் தொட்டியை ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் உட்கார வைத்து எடுத்து, வடியவிட வேண்டும்.

2024 ஜனவரியில் சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வுகள் மாற்றப்பட்டபோது பினாங்கின் பல பகுதிகளில் நான்கு நாட்கள் வரை குழாய் நீர் நின்றது. அப்படிப்பட்ட நேரத்தில் சேமித்த நீரைச் சிலந்திச் செடிக்குப் பங்கு வைக்கத் தேவையில்லை. ஒரு வாரத்தைக் கிழங்கு தாங்கும்.

ஏப்ரல், மே மழை ஓரளவு துணைக்கு வரும். கவலைப்பட வேண்டிய காலம் ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை. சுமத்ராவிலிருந்து விடியற்காலையில் வரும் காற்றுமழை நடைவழிக்குள் சாரலடிக்கும், காற்றில் ஈரம் நிற்கும், மண் உலராது. இலை அடிப்பாகத்தில் பழுத்து, தொட்டால் கொழகொழவென்று கையோடு வந்தால் வேர் அழுகத் தொடங்கிவிட்டது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. ஆகவே இலை வாடும். வாடியதைக் கண்டு மேலும் ஊற்றுவார்கள். இந்த மாதங்களில் தொட்டியைச் சுவர்ப்பக்கம் நகர்த்திவிட்டு, சாரல் படாத செடிக்கு வாரம் ஒருமுறை ஊற்றினால் ஏராளம். ஏர்கோன் ஓடும் அலுவலக அறைக்கு இந்த நாட்காட்டி எதுவும் பொருந்தாது. அங்கே ஆண்டு முழுக்க ஒரே பருவம். காற்று வறண்டிருந்தாலும் வெளிச்சம் குறைவு, வளர்ச்சி மெதுவு. விரல் சோதனையே வழி.

இலை நுனி பழுப்பாகிக் கருகுவதுதான் அதிகம் கேட்கப்படும் குறை. அதற்குக் காரணம் நீரின் அளவு என்பதைவிட நீரில் இருக்கும் பொருள்தான். சிலந்திச் செடிக்கு ஃபுளோரைடு ஒத்துக்கொள்ளாது. பல்லுக்காகக் குழாய் நீரில் லிட்டருக்கு அரை மில்லிகிராம் அளவில் ஃபுளோரைடு கலக்கப்படுகிறது. மனிதப் பல்லுக்கு நல்லது. இந்த இலையோ அதை நுனியில் கொண்டுபோய்ச் சேர்த்துக்கொள்கிறது. நீரை ஓர் இரவு திறந்து வைத்தால் குளோரின் போகும், ஃபுளோரைடு போகாது. கொதிக்க வைத்தாலும் போகாது. நீர் ஆவியாகச் சற்றுச் செறிவே கூடும். மழைநீர் உத்தமம். ஆனால் செடிக்குத் தாகம் எடுக்கும் ஜனவரியில் மழை ஏது? அப்போது கைகொடுப்பது ஏர்கோன் குழாயிலிருந்து சொட்டும் நீர். காற்றின் ஈரம் குளிர்ந்து வடிந்ததாகையால் அதில் உப்பும் இல்லை, ஃபுளோரைடும் இல்லை. ஏர்கோன் கழுவிய அன்று மட்டும் ரசாயனம் கலந்திருக்கும், விட்டுவிட வேண்டும். உரம் போடுபவர்கள் மாதம் ஒருமுறை தாராளமாக நீர் விட்டு, படிந்த உப்பை அடித்துளை வழியாக வெளியேற்றுவது நல்லது. அரிசி கழுவிய தண்ணீர் எப்போதாவது ஊற்றலாம். புளித்ததை ஊற்றினால் சிறு ஈக்கள் மொய்க்கும்.

தொட்டிக்குக் கீழே வைக்கும் தட்டு தனிக் கதை. அதில் தேங்கிய நீர் வேருக்குக் கெடுதல் என்பது ஒருபுறம். ஏடிஸ் கொசு முட்டையிட அந்த அளவு நீர் போதும் என்பது மறுபுறம். வெப்பமான ஊரில் முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். மலேசியாவின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டம் 1975-இல் வந்தது. வீட்டைச் சோதிக்க வருபவர் தட்டில் புழுவைக் கண்டால் அபராதம் விதிக்கலாம். நீர் ஊற்றிக் கால் மணி கழித்துத் தட்டைக் கவிழ்த்துவிட வேண்டும். மழை மாதங்களில் தட்டே வேண்டாம். குட்டிச் செடிகளை வேர் பிடிக்கக் கண்ணாடிக் குவளையில் நிறுத்துபவர்களும் மூன்று நாளுக்கொருமுறை நீரை மாற்றுவது அவசியம்.

ஓரிரு ஆண்டில் கிழங்குகள் பெருத்து மண்ணை மேலே தள்ளிவிடும். விளிம்புக்கும் மண்ணுக்கும் இடையே நீர் நிற்க இடமிருக்காது, ஊற்றியது வழிந்தோடும். அப்போது ஊற்றும் முறையை மாற்றிப் பயனில்லை, தொட்டியைத்தான் மாற்ற வேண்டும். மார்ச் கடைசியில், மழை மெல்லத் திரும்பும்போது, ஓர் அளவு மட்டும் பெரிய தொட்டிக்கு மாற்றி, புது மண் விளிம்புக்கு ஓர் அங்குலம் கீழே நிற்கும்படி நிரப்புவது வழக்கம். மிகப் பெரிய தொட்டி வேண்டாம். வேர் எட்டாத மண் நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும்.