தாய்ப்பலகை

விம்கோ நகரில் வளர்ந்த எனக்குப் பெட்டி என்றால் முதலில் நினைவுக்கு வருவது தீப்பெட்டிதான். வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி என்பதன் சுருக்கமே எங்கள் ஊர்ப்பெயர். அப்பா அந்த ஆலையில் வேலை பார்த்தவர்.

நேற்று மாலை வேறொரு பெட்டியைப் பிரித்தேன். ஆசுஸ் நிறுவனத்தின் டபிள்யூ790 மதர்போர்டு. வரைகலைத் தொழிலைச் சொந்தமாகத் தொடங்குவதற்காகச் சேமிப்பில் பெரும்பகுதியை இதில் போட்டிருந்தேன். உறையை நீக்கியதும் 12 அங்குல அகலமும் 13 அங்குல நீளமுமாகக் கறுத்த பலகை வெளிவந்தது. நினைவகத்துக்கு 8 இடங்கள், கிராபிக்ஸ் அட்டைகளுக்கு 7 நீண்ட பள்ளங்கள். நடுவே, பிராசஸர் அமரும் இடத்தில், 4677 ஊசிகள். ஒன்று வளைந்திருந்தாலும் நினைவகத்தில் ஒரு பகுதி தெரியாமல் போகலாம். பலகை விழிக்காமலே போகலாம்.

மூடியை எடுக்க என் கை தயங்கியது. அப்பா எடுத்தார். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து வரிசை வரிசையாகப் பார்த்தார். ஆயிரம் குச்சிகளுக்கிடையே கோணிய ஒன்றைக் கண்டுகொள்ளும் கண்கள் அவை.

"எல்லாம் நேராத்தாண்டா இருக்கு" என்றார்.

மூடியை மீண்டும் பொருத்தினேன். பிராசஸர் வாங்க அடுத்த மாதமாகும். அதுவரை பெட்டி அப்பாவின் கட்டிலுக்கடியில் இருக்கும்.