பழைய வண்டியும் பழுதில்லா நாணயமும்

சென்னையின் தெற்கு வாயிலாக விளங்குவது ஜி.எஸ்.டி. சாலை. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர் என நீளும் இச்சாலையில், ஃபஜ்ர் தொழுதுவிட்டு வெளியே வருவோர் முதலில் காண்பவை சரக்கேற்றிச் செல்லும் சிறு வண்டிகளே. 2005-இல் அறிமுகமான டாட்டா ஏஸ் வண்டிக்கு மக்கள் சூட்டிய பெயர் 'குட்டி யானை'. நம் சமுதாயத்தில் எத்தனையோ இல்லங்களின் அடுப்பு இத்தகைய வண்டிகளை நம்பியே எரிகிறது.

புது வண்டி வாங்க இயலாதோர் பழையதை நாடுகின்றனர். மனைவியின் நகையை விற்று வாங்கிய வண்டி மறுமாதமே படுத்துவிட்டால் அக்குடும்பத்தின் கதி என்ன? அண்மையில் வண்டி தேடிய உறவினர் ஒருவருடனும், அனுபவமிக்க மெக்கானிக் பாய் ஒருவருடனும் இச்சாலை நெடுகச் சென்றேன். அவர் காட்டிய அடையாளங்கள் எல்லோர்க்கும் பயன்படும்.

பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் சந்தை பழைய பொருள்களுக்குப் பெயர்பெற்றது. அதனருகே கண்ட முதல் வண்டியின் எஞ்சின் ஓசையின்றி ஓடிற்று. ஆனால், நாங்கள் வருமுன்பே அதைச் சூடாக்கி வைத்திருந்தனர். "குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும்" என்றார் பாய். நீலப்புகை வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்து எண்ணெய் எரிகிறது. கரும்புகை என்றால் டீசல் முழுமையாக எரியவில்லை. சூடான பின்னும் வெண்புகை நீடித்தால் ஹெட் கேஸ்கட் பழுதாகித் தண்ணீர் உள்ளே கசியலாம். கெட்டியான எண்ணெய் ஊற்றிப் புகையையும் ஓசையையும் சில நாள் அடக்கி வைப்போரும் உண்டு.

தாம்பரம் நெரிசலில் வண்டி ஊர்ந்து செல்கையில் ரேடியேட்டரின் நிலை வெளிப்பட்டுவிடும். கூலன்ட்டுக்குப் பதில் உப்பு நீரையே ஊற்றிவந்தால் குழாய்களில் உப்புப் படிந்து எஞ்சின் கொதிக்கிறது.

மேற்கே முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளை 2015 டிசம்பர் வெள்ளம் சூழ்ந்தது நினைவிருக்கும். நீரில் நின்ற வண்டியை அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்தால், சிலிண்டருக்குள் புகுந்த நீர் அமுங்காது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கியர் எண்ணெய் பாலேடுபோல் வெளுத்திருப்பதும், கதவின் உட்புறம் வண்டல் படிந்திருப்பதும் வெள்ளத்தின் சாட்சிகள்.

வண்டலூர் மேம்பாலத்தில் சுமையுடன் ஏறுகையில் எஞ்சின் இரைந்தும் வேகம் கூடவில்லையெனில் கிளட்ச் தேய்ந்துள்ளது. பிரேக்கை அழுத்திப் பிடிக்கையில் மிதி மெல்ல இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரில் கசிவு. இது பிறர் உயிர் சம்பந்தப்பட்டது, ஒருநாளும் தள்ளிப்போடலாகாது.

இவ்வட்டாரத்தில்தான் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இருந்தது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரும், 'ஸ்டாண்டர்டு 20' சரக்கு வண்டியும் அந்நிறுவனத்தின் தயாரிப்புகள். 1980-களின் இறுதியில் உற்பத்தி நின்றது. செய்தவர் போனபின் உதிரிபாகம் கிடைப்பதரிது என்பதையும் வாங்குவோர் எண்ண வேண்டும்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்தபோது உள்ளே ஈரத்தைக் கண்டார்கள். மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் காண மேலே வைத்திருக்கலாகாதா என வினவி, ஏமாற்றுவோர் தம்மைச் சார்ந்தவரல்லர் என எச்சரித்தார்கள்.

அன்று கடைசியாகப் பார்த்த வண்டியின் உரிமையாளர், நாங்கள் கேட்குமுன்பே, "இது வெள்ளத்தில் நின்ற வண்டி, பேரிங்கும் பிரேக்கும் மாற்றினேன், அடித்தகடு துருவேறியுள்ளது" என்றார். நனைந்த தானியத்தை மேலே வைத்தவர் அவர்! விலையைக் குறைத்துப் பேசி உறவினர் அதையே வாங்கினார். பழுது தெரிந்த வண்டியைச் சீர்செய்யலாம். மறைக்கப்பட்ட பழுதோ நடுவழியில் நிறுத்திவிடும்.

எட்டாண்டு கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுப்பது சட்டம். குறையைச் சொல்லி விற்பது மார்க்கம். இரண்டையும் பேணி ஹலாலான ரிஜ்க்கைத் தேடும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவர்க்கும் அருள்வானாக! ஆமீன்.